சம்பந்தி வீட்டுக் கோட்டு

அத்-பாஷி
2 டிசம்பர் 1983

மகள் குல்சூனுக்கு அப்பா சோல்தோபாய் எழுதுவது.

ஆடுகள் நலம். குதிரைகள் நலம். சிவப்புப் பசு மட்டும் சளி பிடித்து மூக்கொழுக நிற்கிறது. உன் அம்மாவும் நலம். உங்கள் வீட்டில் கால்நடை கிடையாது என்பதால் நேராக மனிதர்களை விசாரிக்கிறேன். சம்பந்தி அம்மா நலமா? மாப்பிள்ளை எமில் நலமா? பேரன் அக்ஜோல் எழுந்து நிற்கிறானா?

ஜனவரியில் நான் அங்கே வருகிறேன், பல் கட்டிக்கொள்ள. போன வருடம் அந்தக் கறுப்புப் பெட்டைக்குதிரை உதைத்ததில் முன்பல் நாலும் போனது உனக்குத் தெரியும். மீதி இருந்தவையும் துணை போன துக்கத்தில் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. நாற்பது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் எந்த விசேஷம் என்றாலும் வாழ்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். செப்டம்பரில் ஒரு கல்யாணத்தில் வாழ்த்தி முடித்து, இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருத்தனும் ஆமீன் சொல்லவில்லை. கிழவர் தொண்டையைச் செருமுகிறார், இனிமேல்தான் ஆரம்பிப்பார் என்று காத்திருக்கிறார்கள்! பல் போனால் சொல் போச்சு என்று உன் அம்மா வேறு குத்திக்காட்டுகிறாள்.

அக்ஜோல் அடியெடுத்து வைத்ததும் தளை அறுப்பு விருந்து வைப்பீர்கள். அவன் காலில் கட்டிய கறுப்பு வெள்ளை நூலை அறுக்கும்போது நான் வாழ்த்த வேண்டும். என் முதல் பேரன். அதற்குத்தான் இந்தப் பல்.

நான் வருவதற்காகச் சம்பந்தி அம்மாவை எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல். நானும் வெறுங்கையோடுதான் வருவேன். ஒரு ஆடு, கொஞ்சம் குதிரை இறைச்சி, வெண்ணெய் ஒரு பானை, அவ்வளவுதான்.

அப்பா


ஃபுரூன்ஸே
16 டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு குல்சூன்.

நாங்கள் எல்லோரும் நலம். கால்நடையும் நலம் என்று எழுதச் சொல்கிறார் எமில். பால்கனியில் தொங்கும் இறைச்சியைச் சொல்கிறாராம். அக்ஜோல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பிடியை விடத்தான் மனமில்லை.

தாராளமாக வா. "எதுவும் செய்ய வேண்டாம்" என்று நீ சொன்னதை அத்தையிடம் சொன்னேன். அன்றே விருந்தாளி மெத்தைகளை வெயிலில் போட்டுவிட்டார். ஒரு விஷயம் மட்டும். கிளம்பும் நாளில் அத்தை வழக்கப்படி மரியாதைக்கு உனக்குக் கோட்டுப் போர்த்துவார். "எதுக்குங்க இதெல்லாம்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டாம் தடவை சொன்னால் கோட்டு பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். இங்கே வீட்டுக்குள் கணப்புக் குழாய் கொதிக்கிறது, கம்பளிச் சட்டையோடு உட்கார முடியாது. அம்மாவுக்கு முத்தம்.

குல்சூன்


ஃபுரூன்ஸே
14 ஜனவரி 1984

ஜூராகானுக்கு உன் வீட்டுக்காரன் எழுதுவது.

சிவப்புப் பசு எப்படி இருக்கிறது? நீ எப்படி இருக்கிறாய்?

இங்கே வந்து எட்டு நாள் ஆகிறது. இந்த நகரத்துக்காரர்களுக்குக் குளிர்காலம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. தெருவில் உறைகிறார்கள், வீட்டில் வேகிறார்கள். சுவரோரம் ஓடும் குழாயைக் குறைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஜன்னலைத் திறந்து வெளியிலிருக்கும் வானத்தையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். முதல் இரண்டு ராத்திரி எனக்குக் கண்ணே மூடவில்லை. மூன்றாம் நாள் என் ஆட்டுத்தோலை எடுத்துக்கொண்டுபோய்ப் பால்கனியில் இறைச்சிக்குப் பக்கத்தில் படுத்தேன். ஆகா, நம் மேய்ச்சல் கொட்டகை போலவே இருந்தது. விடிந்ததும் எதிர்க் கட்டடத்து அம்மாள் பார்த்துப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறாள். வந்த பையன் என்னைத் தொட்டுப் பார்த்தான். நான் எழுந்து உட்கார்ந்ததும் பாவம், அவன்தான் உட்கார்ந்துவிட்டான்.

"பொணம் கெடக்குதுன்னு சொன்னாங்க பெரியவரே" என்றான்.

"கெடந்தா என்ன, அது குளுகுளுன்னுதானே இருக்கு" என்றேன். சம்பந்தி அம்மா ரகிமா அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். அந்தப் பொம்பளைக்குச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் வாத்தியாரம்மாவாக இருந்தவர் அல்லவா, காட்டிக்கொள்ளவில்லை.

முதல் நாள் ஆட்டுத் தலையை என் முன்னால் வைத்தார்கள். மரியாதைதான். காதை அறுத்து எமிலுக்குக் கொடுத்தேன், கன்னத்தைக் குல்சூனுக்குக் கொடுத்தேன், எனக்கென்று குழம்பைக் குடித்தேன்.

பல் நேற்று வந்துவிட்டது. பல் டாக்டரிடம் ரகிமாவே கூட வந்தார். மேல் வரிசையும் கீழ் வரிசையும் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒரு மந்திரி சிரிக்கிறான். பேச்சு மணி மணியாக வருகிறது. ஆனால் ஈறு வலிக்கிறது. வேலை இல்லாத நேரம் கழற்றி, நீ பூப் போட்டுக் கொடுத்த நீலக் கரைக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொள்கிறேன். இன்னொரு வரிசை வேண்டுமென்றால் அடுத்த குளிர்காலம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

நாளை மறுநாள் கிளம்புகிறேன். எனக்குப் போர்த்தப்போகும் கோட்டை ரகிமா இன்றே காட்டிவிட்டார். சாம்பல் நிறம், நரிமயிர்க் காலர். உள்ளே ஆழமான பை. வீட்டுக்கு வந்ததும் பார்.

சோல்தோபாய்


அத்-பாஷி
1 பிப்ரவரி

மதிப்பிற்குரிய சம்பந்தி ரகிமா அம்மாவுக்கு சோல்தோபாயின் வணக்கம்.

இங்கே ஆடு மாடு, மனிதர்கள் அனைவரும் நலம். தங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். தாங்கள் போர்த்திய கோட்டைக் கண்டு ஊரே வாயைப் பிளக்கிறது. போட்டால் கழற்ற மனம் வரவில்லை. இதை எழுதும்போதும் என் மேல்தான் இருக்கிறது. எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பீர்கள் என்று ஜூராகான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள்.

தங்கள் சம்பந்தி


அத்-பாஷி
2 பிப்ரவரி

குல்சூன், இந்தக் கடிதத்தைத் தனியாகப் படி. படித்ததும் அடுப்பில் போடு.

ஆடு மாடு நலம். நான் நலமில்லை.

கோட்டும் போச்சு, பல்லும் போச்சு.

வீட்டுக்கு வந்த மறுநாளே மந்தையைப் பார்க்க மேலே போனேன். கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு என் பழைய ஆட்டுத்தோலில்தான் போனேன். புதுக் கோட்டோடு போனால் ஆடுகள் என்னை அடையாளம் கண்டுகொள்ளாது. பஸ்ஸில் வரும்போது ஈறு வலித்ததே என்று பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து கோட்டின் உள்பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அதை எடுக்க மறந்தேன். நாலாம் நாள் இறங்கி வந்தால் ஆணி மட்டும் இருக்கிறது. உன் அம்மா தன் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கோச்கோர் போனவள், மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போர்த்த நல்லதாக ஒன்றும் இல்லை என்று அதை மடித்துக் கொண்டுபோய்ப் போர்த்திவிட்டாள்!

"நீங்கதான் போடவே மாட்டேங்கறீங்களே" என்கிறாள். "கோட்டுன்னா அது நாலு வீடு போகத்தான் செய்யும்" என்கிறாள். அது எனக்குத் தெரியாதா? நான் அறுபத்து மூன்று வருடமாக இந்த நாட்டில்தானே இருக்கிறேன். ஆனால் பல்லோடு போகுமா?

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருக்கிறேன். கோச்கோர்க்காரரிடம் போய், உங்களுக்காகவே வாங்கியது என்று போர்த்திய கோட்டில் என் பல் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்? கேட்க வாயிலும் பல் இல்லை. ரகிமா அம்மாவுக்குத் தெரிந்தாலோ அதைவிடக் கேவலம். அவருக்கு நேற்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் உண்மை கொஞ்சம் குறைச்சல்.

அப்பா


ஃபுரூன்ஸே
12 பிப்ரவரி

அப்பாவுக்கு குல்சூன்.

இங்கே அனைவரும் நலம். ஈறு வலி எப்படி இருக்கிறது?

கடிதத்தை எரித்துவிட்டேன். அம்மாவைத் திட்டாதே. அக்ஜோல் நேற்று மூன்று அடி வைத்தான். நாலாவது அடிக்கு முன் பயந்து உட்கார்ந்துவிட்டான், உன்னை மாதிரியே. விருந்து மார்ச் 18 என்று அத்தை நாள் குறித்துவிட்டார்.

அந்தக் கோட்டைப் பற்றி எனக்கும் ஒன்று தெரியும், அப்பா. எங்கள் கல்யாணத்தில் அத்தையின் அண்ணன் அசன்பெக் மாமா எமிலுக்கு… வேண்டாம், விடு. நான் இந்த வீட்டு மருமகள். நீ ஒன்று மட்டும் செய். அத்தைக்கு எழுதும்போது கோட்டை ரொம்பப் புகழாதே. உன் கடிதத்தை அவர் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். "எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பீர்கள்" என்ற இடத்தில் இருமல் வந்து எழுந்து போய்விட்டார்.

குல்சூன்


ஃபுரூன்ஸே
14 பிப்ரவரி

மதிப்பிற்குரிய சம்பந்தி சோல்தோபாய் அவர்களுக்கு ரகிமாவின் வணக்கம்.

தங்கள் மந்தை பெருகட்டும். எங்கள் குழாயும் நலமாகக் கொதிக்கிறது. பால்கனியில் தங்கள் இடம் காலியாக இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் தினமும் பார்த்து ஏமாறுகிறாள்.

மார்ச் 18 அக்ஜோலுக்குத் தளை அறுப்பு. குட்டி ஈனும் காலம், ஜூராகான் அம்மாவால் வர இயலாது என்று குல்சூன் சொன்னாள். தாங்களாவது கட்டாயம் வர வேண்டும், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு. எங்கள் உறவெல்லாம் பார்க்கட்டும்.

வாழ்த்துச் சொல்வதாக என் அண்ணன் அசன்பெக் கேட்டார். பிரசங்கம் செய்தே ஓய்வு பெற்றவர். இருபது நிமிடத்துக்கு எழுதியும் வைத்துவிட்டார். சம்பந்திக்குப் புதுப் பல் வந்திருக்கிறது, அவர்தான் சொல்வார் என்று மறுத்துவிட்டேன். காரணம் பல் இல்லை. பிள்ளைகளின் கல்யாணத்தில் தாங்கள் வாழ்த்தியபோது, என் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துச் சொன்னீர்கள். அவர் போன பிறகு நான் அழுதது அன்றுதான். அந்தக் குரலைத்தான் என் பேரனும் கேட்க வேண்டும்.

தங்கள் சம்பந்தி ரகிமா


அத்-பாஷி
27 பிப்ரவரி

குல்சூன், இதையும் அடுப்பில் போடு.

கால்நடை நலமா இல்லையா என்று எனக்கே தெரியாது. பத்து நாளாக நான் ஊரில் இல்லை.

கோச்கோர் போனேன். சும்மா நலம் விசாரிக்க வந்தேன் என்றேன். பிப்ரவரிப் பனியில் இரண்டு கணவாய் தாண்டி நலம் விசாரிக்க வந்த மனிதனைப் பார்த்து அவர்கள் உருகிவிட்டார்கள். ஆடு அறுத்தார்கள். மறுபடியும் தலை என் முன்னால். நானும் சுற்றி வளைத்து, "கோட்டு ஒடம்புக்குச் சரியா இருந்துச்சா சம்பந்தி?" என்று கேட்டேன். "கழட்டவே மனசு வரலீங்க" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் எழுதிய அதே வரி. அப்போதே புரிந்துவிட்டது, கோட்டு அங்கே இல்லை. கிளம்பும்போது அவர் மனைவி எனக்கு ஒரு தொப்பி வைத்து அங்கி போர்த்தினாள்.

அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று வாய்தவறி, ஏரிக்கரை மாமா வீட்டுக்குப் போயிருக்கிறது என்று உளறியது. ஏரிக்கரைக்குப் போனேன். இன்னொரு ஆடு, இன்னொரு தலை. அந்த வீட்டுக்காரர் கோட்டு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று சத்தியம் செய்கிறார். பெட்டிச் சாவியோடு மனைவி உங்கள் தலைநகரத்துக்குப் போயிருக்கிறாளாம், யாரோ உறவைப் பார்க்க. அங்கே எனக்கு இன்னொரு தொப்பி.

குல்சூன், அந்தக் கோட்டை யாருமே போட்டதில்லை. ஒருத்தன் ஒரே ஒரு தடவை போட்டு உள்பையில் கையை விட்டிருந்தால் என் பல் கிடைத்திருக்கும். போர்த்துகிறோம், மடிக்கிறோம், அடுத்தவனுக்குப் போர்த்துகிறோம். இப்போது என்னிடம் இரண்டு தொப்பி, ஒரு அங்கி. பல் மட்டும் இல்லை. உன் மாமியார் கடிதம் வந்திருக்கிறது. குரலைக் கேட்க வேண்டுமாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடு. அசன்பெக்கே வாழ்த்தட்டும்.

அப்பா


ஃபுரூன்ஸே
5 மார்ச்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு ரகிமாவின் வணக்கம்.

தாங்கள் நலமா? காய்ச்சல் என்று குல்சூன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத பெண், வளர்ப்பு அப்படி.

போன வாரம் ஏரிக்கரையிலிருந்து என் நாத்தனார் வந்து தங்கிப் போனாள். அவள் போனதும் வீட்டைச் சுத்தம் செய்தேன். ஜனவரியில் தாங்கள் படுத்த மெத்தைக்கு அடியில் ஒரு கைக்குட்டை கிடந்தது. நீலக் கரை, ஓரத்தில் பூ. ஏதோ முடிந்து வைத்திருக்கிறீர்கள். அடுத்தவர் முடிச்சை அவிழ்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. இருந்தபடியே இந்தப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன்.

விருந்துக்குக் கோட்டு வேண்டாம். மார்ச் வெயிலுக்கு அது அதிகம். தாங்கள் வந்தால் போதும்.

ரகிமா


அத்-பாஷி
12 மார்ச்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு.

நலம். காய்ச்சல் போய்விட்டது. கைக்குட்டை வந்து சேர்ந்தது. முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. 17ஆம் தேதி பஸ்ஸில் வருகிறேன்.

சோல்தோபாய்


ஃபுரூன்ஸே
20 மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு குல்சூன்.

நீயும் குட்டிகளும் நலமா? எத்தனை இரட்டை? அப்பா நாளைக்குக் கிளம்புகிறார். அவர் உன்னிடம் பாதியைத்தான் சொல்வார், அதனால் மீதியை நான் எழுதுகிறேன்.

முதலில் கைக்குட்டைக் கதை. அத்தையின் ஏரிக்கரை நாத்தனார் கொண்டுவந்த மூட்டையை அத்தை பிரித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சாம்பல் நிறம், நரிமயிர்க் காலர். "எமிலுக்காகவே வாங்குனது அண்ணி, அவனுக்கு நல்லா இருக்கும்" என்றாள் நாத்தனார். அத்தை உள்பையில் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. நன்றி சொல்லி, கோட்டை மடித்து, சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இஸ்திரிப் பெட்டி. ஒரு கைக்குட்டைக்கு அவ்வளவு நேரம், அம்மா! வெளியே வந்தபோது வீடெல்லாம் புதினா வாசம். அவரே சொல்லாததை அப்பாவுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

விருந்தன்று முற்றத்தில் பிள்ளைகள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஜெயித்த பெண் வந்து அக்ஜோலின் கால் நூலை அறுத்தாள். அவன் கட்டு இல்லாத காலைப் பார்த்தான், நேராக அப்பாவிடம் நடந்தான். எட்டு அடி. அப்பா இரண்டு கையையும் விரித்தார். அசன்பெக் மாமா தன் காகிதத்தைப் பையில் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"உன் கால் போற பாதை வெள்ளையா இருக்கட்டும்டா" என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "உனக்குத் தாத்தா ரெண்டு பேரு. ஒருத்தன் மேலே இருந்து பாக்குறான், ஒருத்தன் இங்க இருந்து பாக்குறான். முடிச்சை அறுக்கத் தெரிஞ்ச கையும் உனக்குக் கிடைக்கட்டும். முடிச்சை அவுக்காம விடத் தெரிஞ்ச கையும் உன் வீட்டுல எப்பவும் இருக்கட்டும்."

அப்பா முகத்தைத் தடவும் முன்பே ஆமீன் என்று முற்றமே சொல்லிவிட்டது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு தலைத்துணியின் முந்தியால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன்.

பிறகு வாழ்த்தியவருக்கு மரியாதை செய்ய வேண்டும் அல்லவா. அத்தை உள்ளே போய்க் கோட்டைக் கொண்டுவந்து அப்பாவுக்குப் போர்த்தினார். அதே கோட்டு!

"எதுக்குங்க இதெல்லாம்" என்றார் அப்பா, ஒரே தடவை.

"போட்டுக்கோங்க சம்பந்தி. ஒங்களுக்கே அளவெடுத்த மாதிரி இருக்கும்" என்றார் அத்தை.

அசன்பெக் மாமா வந்து காலரைத் தடவிப் பார்த்தார். "ரகிமா, இந்தக் கோட்டை நான் எங்கயோ பாத்திருக்கேனே" என்றார். ஏரிக்கரை நாத்தனாருக்குத் தேநீர் புரையேறியது. எமில் மேகத்தைப் பார்த்தார். அத்தையின் முகம் சிவந்ததை நான் இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அப்பாதான் சொன்னார்: "நல்ல கோட்டெல்லாம் எந்த ஊருல பாத்தாலும் ஒண்ணுபோலத்தான் இருக்கும் அசன்பெக். வாங்க, தலை ஆறுது. இன்னைக்கு எனக்கும் கன்னம் வேணும்."

மென்று தின்றார், அம்மா. எல்லோரும் பார்க்க மென்று தின்றார்.

குல்சூன்


அத்-பாஷி
30 மார்ச்

மதிப்பிற்குரிய சம்பந்தி ரகிமா அம்மாவுக்கு சோல்தோபாய்.

இருபத்தாறு குட்டிகள், நாலு இரட்டை, அனைத்தும் நலம். சிவப்புப் பசுவுக்குச் சளி போய்விட்டது. தங்கள் குழாய் ஆறிவிட்டதா? பேரன் எதையெல்லாம் உடைத்தான்?

பஸ்ஸில் வரும்போது ஈறு வலித்தது. பழக்க தோஷம், பல்லைக் கழற்றி உள்பையில் கையை விட்டேன். கை நுழையவில்லை. பையின் வாயைக் கறுப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கி நெருக்கமாகத் தைத்திருக்கிறது. கோச்கோர் வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். அந்தத் தையலை நான் பிரிக்க மாட்டேன்.

ஜூராகானின் தம்பி மகனுக்கு ஜூனில் கல்யாணம். இரண்டு தொப்பியையும் அங்கியையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். பெட்டிச் சாவி என் கழுத்தில் இருக்கிறது.

இதை எழுதும்போது பல் வாயில் இருக்கிறது. கோட்டு என் மேல்தான் இருக்கிறது. இந்தத் தடவை நம்பலாம்.

தங்கள் சம்பந்தி
சோல்தோபாய்